மேடில்லாத ஊருக்கு ஒரு பிரேக்

பத்து நாள் லீவில் ஊருக்குப் போகிறவன் பெட்டியில் என்னென்ன இருக்கவேண்டும் என்று மஸ்கட்டில் என்னோடு அறையில் இருக்கும் மூன்று பேரும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பேரீச்சம்பழம், தைலம், பால் பவுடர், பூப்போட்ட போர்வை. பிரேக் ஷூ என்று அதில் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் நான் அந்தப் பத்து நாளில் தூங்கியிருப்பேன்.

நான் அங்கே லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. லிஃப்டின் மோட்டாரிலும் ஒரு டிரம் உண்டு, அதைக் கவ்விப் பிடிக்க இரண்டு ஷூ உண்டு, அவை கவ்வுவதால்தான் பத்தாவது மாடியில் நிற்கிறவன் பத்தாவது மாடியிலேயே நிற்கிறான் என்று ஒருநாள் போனில் பெருமையடித்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தது என் தங்கை வளர்மதி. எதையும் மறக்காத ஜென்மம்.

செவ்வாய்க்கிழமை காலை நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். தங்கையின் கணவர் குணசேகரன் பைக்கோடு நின்றார். இரண்டு தெரு போவதற்குள் ரயில்வே கேட் மூடியிருந்தது. நீடாமங்கலத்தில் கேட் மூடியிருந்தது என்று எழுதுவது, வெயில் அடித்தது என்று எழுதுவதைப் போலத்தான். மாப்பிள்ளை பைக்கை ஓரங்கட்டிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார்.

"இந்த எடந்தான் மச்சான்."

"எது?"

"போன வாரம் டிராக்டரோட வந்தேன். கேட்டு எறங்குது. பிரேக்க அமுக்குனேன். டிராக்டர் நின்னுச்சு. பின்னாடி டிரெய்லர் நிக்கல."

"அப்புறம்?"

"அது தள்ளுன தள்ளுல டிராக்டர் மூக்கு போயி கேட்டுக் கம்பிய முட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்தாண்ட ரயில் போவுது. நான் சன்னல்ல ஒக்காந்து தோசை திங்கிறவர் மொகத்தப் பாக்குறேன், அவரு என்னப் பாக்குறாரு."

"வளருக்குத் தெரியுமா?"

"உங்க தங்கச்சி டிரெய்லர்லதான் ஒக்காந்திருந்துச்சு."

கேட் திறந்தது. வீடு போய்ச் சேரும்வரை பைக்கின் பின்கம்பியை நான் விடவில்லை.

வீட்டில் எனக்காகக் கொடுவா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முத்துப்பேட்டையிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு மொபெட்டில் வருகிறவரிடம் வாங்கியதாம். மஸ்கட்டில் வீட்டு வாசலிலேயே கடல் இருக்கிறது, மீனும் இருக்கிறது, இந்தக் குழம்பு இல்லை. மூன்றாவது கரண்டிக்குத் தட்டை நீட்டியபோது வளர் முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே டிராக்டர் சாவி.

"பிரேக்கு போட்டாத்தான் சாவி. அதுவரைக்கும் வண்டி அசையக் கூடாது. நீ வந்து போட்டுக் குடு."

"ஊர்ல மெக்கானிக் இல்லையா?"

"இருக்காரு. டிரெய்லருக்குப் பிரேக்கு எதுக்குன்னு கேக்குறாரு. இவரும் அதான் கேக்குறாரு. ஆம்பளைங்க எல்லாரும் அதான் கேக்குறாங்க. நீ ஒருத்தந்தான் அது வேணும்னு சொல்லி சம்பளம் வாங்குறவன்."

விஷயம் இதுதான். குறுவை அறுத்து நூற்று இருபது மூட்டை நெல் ரோட்டோரக் களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை சாயந்திரத்தோடு எடை போடுவது நிற்கும். மறுபடி முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தினமும் மூன்று மணிக்கு மேகம் கட்டுகிறது. நனைந்தால் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டுவிடும். அறுப்புக் காலத்தில் வேறு டிரெய்லர் கேட்டால் சிரிக்கிறார்கள். எங்கள் அப்பா கூலிக்கு அறுத்த அதே பக்கத்தில், வளரும் மாப்பிள்ளையும் சொந்தமாக வாங்கிய நிலத்தின் இரண்டாவது வெள்ளாமை இது.

நீட்டிய தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை மெக்கானிக் ராஜாங்கம் வந்தார். என் வயதுதான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார், துபாயிலேந்து வந்திருக்கீங்களாமே" என்றார்.

"மஸ்கட்டுங்க."

"அதான், துபாய்."

இதற்குப் பிறகு அவருக்கு நான் துபாய் சார்தான். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஊர்.

முதல் வேலை, டிரெய்லரைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றுவது. ஜாக்கியை அச்சுக்குக் கீழே வைத்து அடித்தோம். ஜாக்கி உயர்ந்தது, டிரெய்லர் உயரவில்லை. இன்னும் அடித்தோம். அப்புறம்தான் பார்த்தேன், ஜாக்கி கீழ்நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. தஞ்சாவூர்க் களிமண் அதை முக்கால்வாசி விழுங்கிவிட்டது. மஸ்கட்டில் எங்கே தோண்டினாலும் பாறை. ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் மெஷின் வேண்டும். இங்கே ஜாக்கியை மீட்க மண்வெட்டி வேண்டியிருந்தது. உடைந்துபோன மதகுப் பலகை ஒன்றைத் தேடி எடுத்து அடியில் போட்ட பிறகுதான் சக்கரம் தரையை விட்டது.

டிரம்மைத் தட்டிக் கழற்றினார் ராஜாங்கம். உள்ளே இரண்டு ஷூ, பிறைநிலா மாதிரி எதிரெதிராக. முன்னால் போகிற டிராக்டர் வேகம் குறைந்தால் டிரெய்லர் முட்டும். முட்டுகிற அழுத்தத்தில் ஒரு கம்பி இழுபட்டு இந்த ஷூக்களை விரித்து டிரம்மைப் பிடிக்கவைக்கும். ஏற்பாடு அருமை. ஆனால் ஷூவின் மேல் இருக்கவேண்டிய லைனிங்கை, டிரம்மில் உராய்ந்து பிடிக்கிற அந்தப் பட்டையை, காணோம். ரிவெட் தலைகள் மட்டும் மூக்குத்தி போல மின்னின.

கறுப்புத் தூசி குவிந்திருந்தது. "ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க, நுரையீரலுக்கு ஆகாது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஊதியிருந்தார். என் சட்டை முழுவதும் தீபாவளி. அடுத்து ஸ்பிரிங்கைக் கழற்றினார். அது கையை விட்டுப் பறந்து, என் காதோரமாகப் போய், எங்கோ மறைந்தது. நான் தரையில் குப்புறப் படுத்துவிட்டேன். எழுந்து பார்த்தால் மாப்பிள்ளை மாட்டுத் தொட்டிக்குள் கைவிட்டு ஸ்பிரிங்கைத் தேடிக்கொண்டிருந்தார். மாடு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், நான் ஒண்ணு கேக்குறேன்" என்றார் ராஜாங்கம். "இந்தப் பக்கம் மேடு ஏது, பள்ளம் ஏது? கல்லணையிலேந்து கடல் வரைக்கும் தோசக்கல்லு மாதிரி கெடக்கு. டிராக்டர்ல பிரேக்கு இருக்கு, போதும். டிரெய்லர் பிரேக்கு மலைக்காரனுக்கு."

"அப்ப கேட்ல ஏன் நிக்கல?"

"கேட்டு மூடுனது தப்பு."

மாப்பிள்ளை தொட்டிக்குள்ளிருந்து தலையை ஆட்டினார். இவர்களோடு பேசி ஆகாது என்று தஞ்சாவூர் கிளம்பினேன்.

"ஷூவையே எடுத்துட்டுப் போங்க சார், மாதிரி காட்டணும்ல" என்றார் ராஜாங்கம். நான் வெள்ளைச் சட்டை மாற்றியிருந்தேன். அளவு எடுத்தால் போதாதா? வளரின் தையல் டேப்பை வாங்கி அளந்து, போனில் நாலு பக்கமும் படம் எடுத்து, மிடுக்காக பஸ் ஏறினேன். இந்த மிடுக்கைப் பற்றி இரண்டு பத்தி கழித்துச் சொல்கிறேன்.

கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் கடை. பழைய ஷூவைக் கொடுத்தால் புது லைனிங் அடித்த ஷூவை மாற்றிக் கொடுக்கிற இடம். கடைக்காரர் கணக்குப் பிள்ளை மாதிரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன வண்டி?"

"டிரெய்லர்ங்க. பட்டறையில செஞ்சது. அச்சு ஏதோ பழைய வேன்ல கழட்டுனதாம்."

"எந்த வேன்?"

"தெரியலைங்க."

"மாதிரி கொண்டாந்தீங்களா?"

"போட்டோ இருக்கு."

"போட்டோவ வண்டியில மாட்ட முடியாதுங்களே."

அளவு எழுதிய காகிதத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, இந்த அளவில் எனக்குத் தெரிந்து லாரிக்குத்தான் வரும், நிச்சயமாத்தானா என்றார். நான் இருபத்திரண்டு வருடமாக இதே வேலை என்றேன். நாலு ஷூவை எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். நான் மெஸ்ஸில் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டு, வெற்றிபெற்ற தளபதி மாதிரி ஊர் திரும்பினேன்.

இப்போது மிடுக்கு. பிறைநிலாவின் நீளத்தை நுனியிலிருந்து நுனிக்கு நேராக அளக்கவேண்டும். நான் தையல் டேப்பை அதன் முதுகோடு வளைத்து, சட்டைக் காலருக்கு அளவு எடுப்பது போல எடுத்திருந்தேன். சாயந்திரம் புது ஷூவின் மேல் டிரம்மை வைத்துப் பார்த்தால், குழந்தைத் தொப்பியைக் கல்யாண மாப்பிள்ளைக்கு வைத்தது போல மேலேயே நின்றது.

ராஜாங்கம் டிரம்மைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "துபாய்ல டிரம்மு பெரிசோ என்னமோ" என்றார்.

வளர் சமையலறைச் சன்னலில் நின்று பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தாலும் தேவலை.

வியாழன் காலை, இரண்டு சக்கரத்தின் நாலு பழைய ஷூவையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, கைலியும் பழைய சட்டையுமாகப் பஸ் ஏறினேன். பையை மடியில் வைத்தால் மடி கறுப்பு, கீழே வைத்தால் பிரேக் அடிக்கும்போதெல்லாம் பை டிரைவரிடம் போகிறது. இந்த பஸ்ஸுக்குப் பிரேக் பிரமாதமாக இருந்தது. கண்டக்டர் காலால் பையைத் தள்ளிப் பார்த்து, "என்ன பெரியவரே, அம்மிக் குழவியா?" என்றார். எனக்கு நாற்பத்தொன்பது வயது. அந்தப் பெரியவரே இன்னும் வலிக்கிறது.

பின் சீட்டில் நடவுக்கு வந்த வங்காளத்து ஆட்கள் நாலைந்து பேர். மஸ்கட்டில் என் அறையில் ஒருவர் அந்த ஊர். பேச்சு எனக்கு ஓரளவு புரியும்.

"பையில் ஏதோ இரும்பு" என்றான் ஒருவன்.

"பழைய சாமான் பொறுக்குகிறவர்."

"கண்ணாடி போட்டிருக்கிறாரே."

"கண் தெரியாமல் எப்படிப் பொறுக்குவது?"

திரும்பி அவர்கள் மொழியிலேயே, "பிரேக் ஷூ, டிரெய்லருக்கு" என்றேன். பின் சீட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு மூத்தவராகத் தெரிந்தவர் வெகு மரியாதையாகக் கேட்டார்: "டிரெய்லருக்கு எதற்கு ஐயா பிரேக்? இந்த ஊர் சமமாகத்தானே இருக்கிறது?"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைக்காரர் நாலு ஷூவையும் மேசையில் பரப்பி, தம்முடையதை மேலே வைத்துப் பொருத்திப் பார்த்து, ஒன்று தேடி, இன்னொன்று தேடி, பரணில் ஏறி, கடைசியில் சரியான ஜோடிகளைக் கொடுத்தார். "இருபத்திரண்டு வருசமா" என்று மட்டும் முணுமுணுத்தார். நீடாமங்கலத்தில் இறங்கி வளருக்கு அந்த ஊர் இனிப்பான பால்திரட்டு வாங்கினேன். லஞ்சம்தான்.

மதியத்துக்குள் நாலு ஷூவும் கச்சிதமாக உட்கார்ந்தன. டிரம்மை மாட்டவேண்டியதுதான் பாக்கி. ராஜாங்கம் டீ குடிக்கக் கடைத்தெருவுக்குப் போனார். அவர் போனது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் இல்லையென்றால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

வளர் தட்டோடு வந்தாள். தட்டில் குங்குமம், சந்தனம், சூடம், அருகம்புல், ஒரு கிண்ணம் நல்லெண்ணெய்.

"அண்ணே, நீ வை."

"எதை?"

"எண்ணெயத்தான். வீட்டுக்குப் புதுசா வந்திருக்கு, மாமன் தொட்டு வெக்காம உள்ள விடலாமா?"

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு எந்த நல்லது நடந்தாலும் முதலில் எண்ணெய் தொட்டு வைப்பது தாய்மாமன். டிரெய்லருக்கு நான் தாய்மாமனா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"சின்னவனுக்குக் காது குத்துனப்ப நீ வரல. பெரியவ சடங்குக்கு வரல. எல்லாத்துக்கும் ஒண்ணுவிட்ட மாமனத் தேடிப் புடிச்சு நிக்கவெச்சேன். வீட்டுல ஒரு காரியத்துக்கு இப்பத்தான் நீ ஆளா நிக்கிற."

இருபத்திரண்டு வருடமாக நான் ஒவ்வொரு புது ஆளுக்கும் முதல் நாளிலேயே சொல்லும் பாடம் ஒன்றுண்டு: பிரேக் ஷூவில் ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது, விரல் பிசுக்குகூடக் கூடாது. அந்த வாக்கியம் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் என் தலைக்குள் ஓடியது. கை அருகம்புல்லை எடுத்து எண்ணெயில் தோய்த்தது.

"நல்லா வை. கஞ்சத்தனம் பண்ணாத."

நன்றாகவே வைத்தேன். நாலு ஷூவுக்கும். மாப்பிள்ளை கைகூப்பி நின்றார். சூடம் காட்டினாள், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு துணியால் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் அங்கேயே நின்றாள், சிரித்துக்கொண்டு. ராஜாங்கம் திரும்பி வந்து, எதையும் பார்க்காமல் டிரம்மை மாட்டி நட்டை இறுக்கினார்.

வளர் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுக்க, வெறும் டிரெய்லரோடு தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தோம். நின்றது. நிறுத்தியது டிராக்டரா டிரெய்லரா என்று யாரும் கேட்கவில்லை. வளர் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. கொஞ்சம்தானே, டிரம் சூடானால் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி என்னிடம் ஒரு சிப்பந்தி சொல்லியிருந்தால் அன்றே டிக்கெட் எடுத்து அனுப்பியிருப்பேன்.

வெள்ளி காலை அறுபது மூட்டை ஏற்றினோம். மிச்ச அறுபது அடுத்த நடைக்கு. மாப்பிள்ளை ஓட்ட, நான் மட்கார்டில் உட்கார்ந்தேன். வாய்க்கால் பாலம் தாண்டி, ஆற்றங்கரை மேலேறி, கரையோடு போய், கொள்முதல் நிலையத்துக்குச் சரிவில் இறங்கவேண்டும். மேடு பள்ளமே இல்லாத எங்கள் ஊரில் இருக்கிற ஒரே சரிவு அதுதான். ஒவ்வொரு மூட்டை நெல்லும் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. இதை ஏன் ஒருவரும் ராஜாங்கத்திடம் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

சரிவில் பாதி இறங்கியதும் மாப்பிள்ளை மிக அமைதியாகச் சொன்னார்.

"மச்சான், புடிக்கல."

"என்ன புடிக்கல?"

"பின்னாடி தள்ளுது."

கீழே நிலையத்துக் களத்தில் ஆட்கள் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன் என்பதை நேர்மையாக எழுதிவிடுகிறேன். இல்லாத லிஃப்டின் எமர்ஜென்சி பொத்தானை மட்கார்டில் தேடினேன். மாப்பிள்ளை ஸ்டியரிங்கை ஒடித்து, அறுத்த வயலுக்குள் டிராக்டரை இறக்கினார். சேறு முன்சக்கரத்தைப் பிடித்தது, பிறகு பின்சக்கரத்தை. நின்றோம். டிராக்டர் வயலில், டிரெய்லரின் வால் சரிவின் குறுக்கே. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மாப்பிள்ளையின் கை மட்டும் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. விரல் விரலாக நான்தான் எடுத்துவிட்டேன்.

கரைமேல் எங்களுக்குப் பின்னால் பதினோரு டிராக்டர். வழி அடைபட்டதில் எல்லோருக்கும் உலகத்தில் இல்லாத பரோபகாரம் வந்துவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டி இறங்கி, எங்கள் மூட்டைகளைத் தலையில் தூக்கிப் போய்க் களத்தில் அடுக்கினார்கள்.

"இதான் நல்ல ரோசனை" என்றார் ஒருவர் மூட்டையோடு. "நாளைக்கு நானும் குறுக்க விடுறேன், நீங்க எறக்கிக் குடுங்க."

அரைமணி நேரத்தில் அறுபது மூட்டையும் தராசுக்குப் போய்விட்டன. பட்டியல் எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமலே, மிச்சம் நாளைச் சாயந்திரத்துக்குள் வரவேண்டும் என்றார்.

டிராக்டரையும் டிரெய்லரையும் இன்னொரு டிராக்டர் வைத்து இழுத்து ஓரங்கட்டினோம். ராஜாங்கம் பைக்கில் வந்து டிரம்மைத் தட்டிக் கழற்றினார். மூக்கைச் சுளித்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். சுற்றிலும் பதினைந்து பேர்.

"யாரு சார் உள்ள நல்லெண்ணெய் ஊத்துனது?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு, "நான்தாங்க. சத்தம் வருதேன்னு தெரியாம விட்டுட்டேன்" என்றார்.

கூட்டம் சிரித்தது. ஒரு பெரியவர், தாளிக்க கடுகும் போட்டிருக்கலாமே என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒரு நிமிடம் முழுக்க மாப்பிள்ளையின் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தேன்.

"அவரு இல்ல" என்றது ஒரு குரல். சாப்பாட்டுத் தூக்கோடு வளர் நின்றாள். "எங்கண்ணந்தான் வெச்சுச்சு. நாந்தான் வெக்கச் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. அவள் என்னிடம் வந்தாள்.

"ஏண்ணே, எண்ணெ பட்டா பிரேக்கு புடிக்காதா?"

"புடிக்காது."

"அது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் வெச்ச?"

"நீ சொன்ன."

"நான் சொன்னா?" அவள் குரல் உயரவே இல்லை. "எனக்கு என்னண்ணே தெரியும்? வேணாம்னு சொல்லத்தான ஒன்ன போடச் சொன்னேன். மேல இவரு ஒக்காந்திருந்தாரு."

ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. எனக்கு அது அபூர்வம். அவள் டிராக்டரில் ஏறிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, தூக்கை என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். சாம்பார் சாதம். அதையும் நான்தான் சாப்பிட்டேன்.

சாயந்திரம் வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்த பிறகு ராஜாங்கம் யோசனை சொன்னார்: வைக்கோலைக் கொளுத்தி ஷூவைச் சுட்டால் எண்ணெய் போய்விடும், மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம்.

"கூடாது" என்றேன். "லைனிங் எண்ணெயைக் குடிச்சிருச்சு. சுட்டா மேல காயும். சரிவுல சூடு ஏறுச்சுன்னா மறுபடி கசியும். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும். டிரம்ம பெட்ரோல் போட்டுத் துடைக்கணும். மாட்டுறதுக்கு முன்னாடி நீங்களும் நானும் சோப்புப் போட்டுக் கை கழுவணும்."

"இத நேத்திக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். இந்தத் தடவை துபாயை இழுக்கவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ். கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். கடைக்காரர் பூட்டைத் திறந்துகொண்டே, "என்ன, திங்கிறீங்களா அத?" என்றார். உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுலயும் புது ஸ்கூட்டர் டயர்ல எலுமிச்சம்பழம் வெச்சாங்க, அது பரவாயில்ல, நசுங்கிடும்" என்று ஆறுதல் சொல்லி, இந்த முறை ஷூவைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

மதியம் ஒன்றரை மணிக்கு மாட்டி முடித்தோம். நானும் ராஜாங்கமும் ஆபரேஷன் பண்ணப்போகும் டாக்டர்கள் மாதிரி கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தோம். டிரம் மூடும்வரை வளர் பக்கத்திலேயே நின்றாள், வெறுங்கையோடு. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் களத்தில் மிச்ச அறுபது மூட்டை.

"இப்ப ஏத்தலாம்ல?" என்றார் மாப்பிள்ளை.

"பத்து மூட்டை மட்டும் ஏத்துங்க" என்றாள் வளர், சாவியை அவரிடம் கொடுத்துக்கொண்டே. "சரிவுல எறக்கிப் பாக்கணும். பின்னாடி அண்ணன் ஒக்காரட்டும்."

"நானா?"

"போட்டது நீதான?"

ஏறி உட்கார்ந்தேன். கரையில் ஏறினோம். சரிவின் தலைப்பில் மாப்பிள்ளை ஒரு நொடி திரும்பிப் பார்த்தார். நான் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். தெரியாத ஒன்றிரண்டு சாமிகளையும் கூப்பிட்டேன். வண்டி சரிந்தது. ஒரு உறுமல் கேட்டது. கண்ணை இறுக மூடினேன். இன்ஷூரன்ஸ் பேப்பர் மஸ்கட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அறைக்காரர்களிடம் சொல்லவில்லையே என்பது நினைவுக்கு வந்தது.

"மச்சான்" என்று மாப்பிள்ளையின் குரல். "கண்ணத் தொறங்க. வண்டி நின்னு ரெண்டு நிமிசமாச்சு."

திறந்தேன். சரிவின் நட்டநடுவில், மூக்கு கீழாக, டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. வளர் நடந்து இறங்கி வந்து சக்கரத்தருகே குனிந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பின்பலகையில் இரண்டு கையும் வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். அசையவில்லை.

"எறங்கு" என்றாள். "மிச்சத்த ஏத்தணும்."

எங்கள் களத்துக்குத் திரும்பி மிச்ச ஐம்பது மூட்டையையும் ஏற்றினோம். நாலாவது மூட்டையில் என் இடுப்பு தனியாகக் கழன்றது போலிருந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டியதும், நான் கை நீட்டுவதற்குள் வளர் சக்கரத்தில் கால்வைத்து மேலே ஏறி, மூட்டைகளின் உச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு வளரு? அவ்வளவு ஒசரத்துல—"

"நீ பைக்ல பின்னாடி வா" என்றாள். "போலாங்க."

டிராக்டர் கிளம்பியது. மாப்பிள்ளையின் பைக்கில் நான் பின்தொடர்ந்தேன். சரிவு வந்தது. டிரெய்லர் முனகிக்கொண்டு, அடி அடியாக, கீழே இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத அளவுக்குச் சாதாரணமாக இறங்கியது. நான்தான் பைக்கின் பிரேக்கை முழுக் காலாலும் மிதித்து, எஞ்சின் அணைந்துபோய், கால்களால் தள்ளித் தள்ளி இறங்கினேன். கீழே போய்ச் சேர்ந்தபோது முதல் தூறல் விழுந்தது. வளர் ஏற்கெனவே இறங்கி, கொட்டகைக்குள் நின்று, மூட்டைகளை எண்ணி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.